பதில் பாட்டு பாடத் தெரியாதவன்

ஜெயசீலனுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் அடித்தான், கரையில் வலை இழுக்கிற இடத்தில் அடித்தான், பூசை முடிந்து சனம் கலைகிற நேரத்தில் கோயில் முற்றத்திலேயே ஒருவனுடைய மூக்கை உடைத்தான். பாதிரியார் கூப்பிட்டுக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, "அவன் பேசினது சரியில்ல ஃபாதர்" என்பான். அவன் கணக்கில் சரியாகப் பேசுகிற ஆட்கள் ஊரில் ரொம்பக் குறைவு.

அவன் வளைகுடாவுக்கு வந்ததும் ஓர் அடியால்தான். தங்கை தங்கபுஷ்பத்தை அதே ஊர் வில்பிரட்டுக்குக் கட்டிக் கொடுத்த புதிது. அந்தக் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள், தபால்காரர்கூட அப்படித்தான் வழி கேட்பார். முகத்துக்கு நேரே சொன்னால் மட்டும் கத்தி வரும். வில்பிரட் வீட்டுக்குப் 'பொணவலை' என்று பெயர். அவனுடைய தாத்தா காலத்தில் வலையில் மீனோடு ஒரு பிணமும் ஏறியதாம். பிணத்தைத் திரும்பக் கடலில் தள்ளிவிட்டு மீனை மட்டும் கொண்டுவந்து விற்றாராம். மெய்யா பொய்யா என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. ஊர் வாய்க்கு அதெல்லாம் தேவையும் இல்லை.

மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒருவன் தங்கபுஷ்பத்தைப் பார்த்து, "பொணவலை மருமவளே, மீன் வேணுமா?" என்று கேட்டுவிட்டான். ஜெயசீலன் அவன் கையைப் பின்னால் மடக்கினான். மடக்கியவன் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. எலும்பு முறிந்த சத்தம் ஏலக்காரரின் சத்தத்துக்கு மேல் கேட்டது. போலீஸ் வருவதற்குள் அம்மா அவனைப் பம்பாய்க்கு ரயில் ஏற்றினாள். அங்கிருந்து ஒரு ஏஜண்ட் மூலம் அபுதாபிக்கு வந்து, முசஃபாவில் ஒரு கராஜில் டெண்டிங் வேலைக்குச் சேர்ந்தான். இடிபட்ட காரின் தகரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிற வேலை. அடிக்கிறவனுக்கு அடிக்கவே சம்பளம் கொடுத்தார்கள். இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அவனுக்கு உலகத்தில் கிடைத்திருக்காது.

ஆனாலும் கை அடங்கவில்லை. வந்த வருஷமே பெயிண்ட் அடிக்கிற பெஷாவர்க்காரனோடு தகராறு. அவன் ஸ்பேனரால் இவன் புருவத்தைக் கிழித்தான், இவன் அவனைக் கார் பானெட்டின் மேல் தூக்கிப் போட்டான். முதலாளி வந்து, "கலாஸ்! போதும்! இன்னொரு தடவை நடந்தா ரெண்டு பேருக்கும் கேன்சல்" என்றார். கேன்சல் என்றால் விசாவை ரத்து செய்து ஊருக்கு ஏற்றிவிடுவது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அங்கே எல்லாரும் பயந்தார்கள். அதனால்தான் தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்களில் எத்தனை மண்டை உடைந்தாலும் ஒருவனும் போலீசுக்குப் போகமாட்டான். ஏணியிலிருந்து விழுந்தேன், குளியலறையில் வழுக்கினேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டுக் கட்டுப் போட்டுக்கொள்வான்.

2003 வாக்கில் சூடான்காரன் ஒருவனுடைய கார் பக்கவாட்டில் நொறுங்கி வந்தது. அதன் டேப்பில் ஒரு கேசட் சிக்கிக்கொண்டிருந்தது. வெளியே எடுக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. இந்தப் பக்கம் முடிந்தால் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் முடிந்தால் இந்தப் பக்கம் என்று அது பாடிக்கொண்டே இருந்தது. பாட்டு என்று சொல்லவும் முடியாது. ஒருவன் கோபமாகப் பேசுகிறான், அடியில் ஒரு டிரம் விடாமல் இடிக்கிறது. என்ன பேசுகிறான் என்று ஜெயசீலனுக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் அவனுடைய சுத்தியல் தானாக அந்த டிரம்மோடு விழத் தொடங்கியது. காரைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்குக் கராஜ் செத்த வீடு மாதிரி இருந்தது அவனுக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி ஷார்ஜா போனான். ரோலாவில் காயல்பட்டினத்து சதக்கத்துல்லா வைத்திருந்த கேசட் கடையில் நுழைந்து, பாட்டுப் பேர் தெரியாமல், கண்ணாடி மேஜையில் விரலால் தட்டிக் காட்டினான். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இது ஹிப்ஹாப் தம்பி. நீ தட்டுறது பாட்டு இல்ல, பாட்டுக்கு நடுவுல வர்ற டிரம் துண்டு. அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்து ஓட விட்டாங்கோ, அதுலதான் இந்தச் சங்கதியே பொறந்திச்சு" என்றார்.

சதக்கத்துல்லாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். சூடான், எகிப்துப் பையன்களுக்கு அமெரிக்கக் கேசட் விற்றே பதினைந்து வருஷம் ஓட்டியவர். நியூயார்க்கில் ஏழைகள் குடியிருந்த பிராங்க்ஸ் பகுதியைப் பற்றிச் சொன்னார். எழுபதுகளில் அங்கே ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு சுழல்தட்டில் வைத்து, டிரம் மட்டும் வருகிற இடத்தை மாற்றி மாற்றி ஓட்டினார்களாம், ஆடுகிறவன் கால் நிற்கவே வேண்டாமாம். பெரிய கம்பெனிக்காரன் எவனும் மதிக்கவில்லை. அவனவன் தன் அறையிலேயே ஒரு கம்பெனி தொடங்கி, கார் டிக்கியில் ரெக்கார்டை அடுக்கி வைத்துத் தெருவில் விற்றான். பாடுகிறவன் முன்னால் நிற்பான், ஆனால் டிரம்மை அறுத்து ஒட்டுகிற புரொடியூசர்தான் பாட்டுக்கு முதுகெலும்பு என்றார்.

"ஒருத்தன் இன்னொருத்தனைப் பேர் சொல்லித் திட்டிப் பாடுவான். திட்டு வாங்கினவன் ஒரு பதில் பாட்டு போடுவான். ரெண்டும் விக்கும்."

"அடிச்சுக்கிட மாட்டானுவளா?" என்று கேட்டான் ஜெயசீலன். அவனுக்கு நம்பவே முடியவில்லை.

"அடியெல்லாம் பாட்டுலதான்" என்ற சதக்கத்துல்லா, வேறொரு ஆளுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே, பின்னால் பெரிய பாடகர்கள் இரண்டு பேர் சுடப்பட்டுச் செத்ததையும் சொல்லத்தான் செய்தார். ஜெயசீலன் காதில் முதல் பாதிதான் ஏறியது. திட்டினால் பதிலுக்குப் பாடு. இப்படி ஒரு சட்டம் உலகத்தில் இருக்கிறது என்று முப்பது வயது வரை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு அவன் ஆளே மாறினான் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினான், திருட்டு சாஃப்ட்வேரை ஏற்றினான். கராஜில் சுத்தியல் தகரத்தில் விழுகிற சத்தத்தையும், கிரைண்டர் சீறுகிற சத்தத்தையும், கதவு அறைபடுகிற சத்தத்தையும் பதிந்து, அறுத்து, ஒட்டினான். ரோலாக் கடையின் பின்னறையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து ஒலிப்பதிவு நடந்தது. சதக்கத்துல்லா முதலாளி, ஜெயசீலன் இசை. கம்பெனிக்குத் 'தகரம் ரெக்கார்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். சிடியை வீட்டிலேயே பதித்து, அட்டையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, கேம்ப் கேம்பாகப் போய் ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் வைத்து விற்றார்கள். அட்டையில் பாடுகிறவன் பேரைவிடப் பெரிய எழுத்தில் 'இசை: ஜெயசீலன்' என்று போடச் சொன்னான். அந்த இரண்டு மூன்று வருஷம் அவன் ஒருவரையும் அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றினால் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவான்.

பாடியவன் எபின். அவனும் அதே ஊர்க்காரன்தான், முசஃபாவில் ஏசி டெக்னீஷியன். ஒல்லியான ஆள், ஆனால் வாயைத் திறந்தால் கூட்டம் வாயடைத்து நிற்கும். அவன் இருந்த கேம்பிலேயே தங்கை புருஷன் வில்பிரட்டும் வந்து சேர்ந்திருந்தான். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை, தோளும் புஜமும் அதற்கென்றே செய்தது போல இருக்கும். 2006 கோடையில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் முந்தினான் என்று வில்பிரட் எபினை அறைந்தான். மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, எபினுடைய முன்பல் ஒன்று தட்டில் விழுந்தது.

எபின் திருப்பி அடிக்கவில்லை. அடித்தால் அவன் மிஞ்சமாட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை ரோலாவுக்கு வந்து, பல் போன வாயால் ஒரு பாட்டுப் பாடினான். சாரம் கட்டுகிறவனுடைய தோளைப் பாடினான், மூளையைப் பாடினான், குறட்டையைப் பாடினான். பின்னறையில் சதக்கத்துல்லா தொடையில் தட்டிச் சிரித்தார். கடைசி வரியில் அவன் 'பொணவலை' என்று பாடினான்.

ஜெயசீலன் ஒலிப்பதிவை நிறுத்தினான். "லேய், அந்தப் பேரு வேண்டாம். எனக்க தங்கச்சி வாழுத வீடுடே அது."

"அத எடுத்தா பாட்டு செத்துப் போவும் அண்ணே" என்றான் எபின். "நீங்கதான சொன்னிய, திட்டுனா அவன் பதிலுக்குப் பாடணும்னு? பாடட்டும்."

"அது என்னப்பா அந்தச் சொல்லு?" என்று சதக்கத்துல்லா கேட்டார்.

"ஒரு வலை" என்றான் ஜெயசீலன். அவருக்கு அதற்குமேல் என்ன தெரியும்?

மறுபடி ஓட்டிக் கேட்டான். எபின் சொன்னது சரிதான், அந்த வரி இல்லாமல் பாட்டு நொண்டியது. அந்த வரியோடு கேட்டால் மயிர் கூச்செறிந்தது. மடையன், அதோடாவது விட்டிருக்கலாம். 'பொணவலை' வருகிற இடத்தில் டிரம்மை அடியோடு நிறுத்தினான். எல்லாச் சத்தமும் அடங்கி, அந்தச் சொல் மட்டும் வெட்டவெளியில் தனியாக நின்றது. அவன் செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை அதுதான்.

எட்டுப் பாட்டுச் சிடியில் அதை ஐந்தாவதாக வைத்தான். கேம்ப்களில் சிடி பறந்தது. வில்பிரட் காதுக்குப் போகாமல் இருக்குமா? போயிற்று. அவன் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தான். பதில் பாட்டுக்கு வரி யோசிக்கிறான் போல என்று ஜெயசீலன் நினைத்துக்கொண்டான். இப்படி நினைக்க ஜெயசீலனால் மட்டும்தான் முடியும்.

லீவில் ஊருக்குப் போன ஒருவனிடம் சிடி ஒன்றைக் கொடுத்து அனுப்பினான். கோயில் திருவிழா வருகிறது, ஊர் தன் இசையைக் கேட்க வேண்டும் என்ற ஆசை. சவுண்ட் செட் போடுகிறவனுக்குப் போன் செய்து, "எல்லாத்தையும் போடுடே, அஞ்சாவத மட்டும் போட்டுராத" என்று எச்சரிக்கையும் செய்தான். இப்படிச் சொன்னால் எவன்தான் ஐந்தாவதைப் போடாமல் இருப்பான்?

திருவிழா எட்டாம் நாள் மாலை, தென்னை மரங்களில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து ஐந்தாவது பாட்டு கரை முழுக்க ஒலித்தது. ஊர் சிரித்தது. பிறகு டிரம் நின்றது. வில்பிரட்டின் அப்பா கோயில் வாசலில் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டிருந்தார். வத்தியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார், வெட்டுக்கத்தியோடு திரும்பி வந்தார். சவுண்ட் செட்காரனுக்குத் தோளிலும் முதுகிலும் வெட்டு. வில்பிரட்டின் தம்பிகள் ஆம்ப்ளிபயரைக் கடலில் எறிந்துவிட்டு, எபினுடைய வீட்டுக் கதவைக் கோடாலியால் பிளந்தார்கள். எபினுடைய அப்பா கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். கொடிமரத்தடியில் ரத்தம் கிடந்தது, தேர் அந்த வருஷம் நகரவே இல்லை.

மறுநாள் அம்மா கராஜுக்குப் போன் செய்தாள். "சிடியில ஒனக்க பேருல்லா பெருசா போட்டிருக்கு? அண்ணன் செஞ்ச வேலைக்கு நீ இங்க இருக்காண்டாம்னு சொல்லி தங்கபுஷ்பத்தையும் புள்ளையையும் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டோம்னுட்டானுவ" என்று அழுதாள்.

"திரும்பச் சேத்துக்கிடுவானுவளா அம்மா?" என்று கேட்டான். அம்மா போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே கேம்ப் மெஸ்ஸில் வில்பிரட் எபினைப் பிடித்தான். சோற்று அண்டா கவிழ்ந்தது, பெஞ்சு உடைந்தது. பிடித்து விலக்க வந்தவர்களும் அடி வாங்கினார்கள். பாடிய வாய் எது என்று கேட்டுக் கேட்டு அங்கேயே குத்தினானாம். எபினுடைய தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. ஏணியிலிருந்து விழுந்ததாக ஒரு சிட்டில் எழுதிக் காட்டி ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக்கொண்டான். பேசத்தான் முடியவில்லையே. கொஞ்சம் தேறியதும் பக்கத்து நாட்டில், சலாலாவில் இருந்த சித்தப்பா மகனிடம் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு அவன் பாடியதாகத் தகவல் இல்லை.

அடுத்தது தான்தான் என்று ஜெயசீலனுக்குத் தெரியும். ஓடவில்லை. வெள்ளிக்கிழமை கராஜுக்கு விடுமுறை. மற்றவர்கள் வெளியே போக, அவன் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டுச் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தான். மதிய வெயிலில் வில்பிரட் வந்தான். கையில் சாரத்துக் குழாய்த் துண்டு.

எழுந்து நின்ற ஜெயசீலன் சுத்தியலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் என்ன ஆகும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தகரத்தில் பழகிய கை, மண்டையில் ஒரே அடி போதும். தங்கபுஷ்பம் தாலி அறுப்பாள். வாழ்நாளில் முதன்முறையாக அவனுக்குத் தன் கையைக் கண்டே பயம் வந்தது.

"மச்சான், நான் செஞ்சது தப்புதான்" என்றான். "நீரும் பதிலுக்கு ஒரு பாட்டு போடும். என்னையத் திட்டி, எனக்க வீட்டத் திட்டி, எது வேணும்னாலும் பாடும். இசை நானே போட்டுத் தாரேன். அதுதான் இதுக்குள்ள முறை."

வில்பிரட்டின் கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பாடத் தெரியாதே, மச்சான்" என்றான். "பாடத் தெரிஞ்சவனுவளுக்குள்ள முறைய ஏன் எனக்க மேல போட்டிய? சின்னப் புள்ளையில இருந்து அந்தப் பேரக் கேட்டுத்தான நான் வளந்தேன். அடிக்க மட்டுந்தான் தெரியும் எனக்கு."

ஜெயசீலனுக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷம் சதக்கத்துல்லா சொன்ன கதையை வேதம் போல நம்பியிருந்தான். இந்த ஓர் ஓட்டை அவன் கண்ணில் படவே இல்லை. வெட்கத்தில் முகம் கொதித்தது.

"அப்பா சொல்லியாச்சு" என்றான் வில்பிரட். "சிடியில பேரு போட்டவனுக்க கையில ரத்தம் வந்தாத்தான் அவ வீட்டுக்குள்ள கால் வைக்கலாம். இல்லன்னா இல்ல."

"சேத்துக்கிடுவாவளா? சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

ஜெயசீலன் சுத்தியலைத் தூர எறிந்தான். தகரத்துக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டையின் மேல் வலது கையை விரித்து வைத்தான். குழாய் இறங்கியது. முதல் அடியில் விரல்கள் போயின, இரண்டாவதில் மணிக்கட்டு. மூன்றாவதை வில்பிரட்டே பாதியில் நிறுத்திவிட்டான். அவ்வளவு பேரை அடித்தவன், அடி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்துகொண்டான். சிமெண்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்து, எலும்பு துருத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, "போன் போடும் மச்சான்" என்றான்.

வில்பிரட் நம்பரை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டான். அம்மா வீட்டில் தங்கபுஷ்பம்தான் எடுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சு போச்சு, புஷ்பம்" என்றான் வில்பிரட். "ஒங்க அண்ணன் கைய ஒடச்சாச்சு. அவரே நீட்டித் தந்தாரு. நம்ம ரெண்டு வீட்டுக்கும் இனி கணக்கு இல்ல. அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ."

"போ மக்களே" என்றான் ஜெயசீலன். வலியில் குரல் கீச்சென்று வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ போய் நல்லா இரு."

"அண்ணனும் அங்கதான் இருக்கியளா?" என்றாள் தங்கபுஷ்பம். "ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. ஒங்க அப்பா அந்த சவுண்ட் செட்டுக்காரன வெட்டும்போது நடுவுல பாஞ்சு புடிச்சது நாந்தான். ஒரு வெட்டு எனக்க தலையில விழுந்துது. மூணு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஒங்க வீட்டுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. சொன்னா எவனையாவது கொன்னு போடுவான்னு அம்மா அண்ணங்கிட்ட சொல்லல. சரி, சொல்லல. எனக்கு எப்படி இருக்குன்னு ஒங்க ரெண்டு பேருல ஒருத்தராவது கேட்டியளா? சேத்துக்கிடுவாவளா, சேத்துக்கிடுவாவளான்னுதான அண்ணன் அம்மாட்ட கேட்டிய? நான் அந்த வீட்டுக்கும் போவ மாட்டேன், ஒங்களுக்குத் தங்கச்சியாட்டும் இருக்க மாட்டேன். நீங்க அடிச்சுக்கிட்டே இருங்க."

வில்பிரட் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "எத்தன தையல் போட்டாவ?" என்று கேட்டான். அவள் அதற்கு முன்பே போனை வைத்திருந்தாள்.